மொன்றியலுக்கு வடக்கே ஒரு மடு



பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறைக்குப் பூட்டிய மறுவாரமே எங்கள் நிலையத் தொலைபேசிக்கு ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கிட்டடியில் ஒரு நல்ல நீர்வீழ்ச்சி சொல்லுங்கோ" என்பார்கள். கூடவே, "அங்கே குளிக்கலாமோ?" என்றும் கேட்பார்கள். முதற் கேள்விக்கு விடை சொல்ல இரண்டு நிமிடம் போதும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கினால் பழைய கதைகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. சென்ற மாதம் நிகழ்ச்சியில் நேரம் போதாமல் பாதியில் நிறுத்தியதை இங்கே முழுவதுமாக எழுதித் தருகிறேன்.

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னால் கண்டிப் பக்கத்தார் சிரிப்பார்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை மேலே ஓடாது, கல்லுக்குள் இறங்கி நிலத்துக்குக் கீழே தேங்கி நிற்கும். அதனால்தான் வீட்டுக்கு வீடு கிணறும், துலாவும், கிணற்றடியில் வாழையும். புத்தூர் நிலாவரைக் கிணறும் கடற்கரையோரக் கீரிமலைக் கேணியும் அந்தச் சுண்ணாம்புக் கல் தந்தவைதான். கீரிமலையில் நாலடி தள்ளிக் கடல் உப்பாகக் கிடக்க, கேணிக்குள் நல்ல தண்ணீர் ஊறிவரும். குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி மருதப்புரவீகவல்லி அங்கே தீர்த்தமாடி முகம் மாறினாள் என்றும், அந்த நன்றிக்கு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைக் கட்டுவித்தாள் என்றும் அம்மம்மா சொன்ன கதையை உங்கள் அம்மம்மாவும் சொல்லியிருப்பார். ஆடி அமாவாசைக்கு அந்தக் கேணியில் முழுகி எழுந்த சனங்கள் நாங்கள். தண்ணீர் என்றால் எங்களுக்கு ஒன்றில் கிணறு, ஒன்றில் கேணி, ஒன்றில் கடல். மூன்றுமே பழகியவை. பாறையிலிருந்து விழுந்து சுழன்று ஓடும் தண்ணீரோடு எங்களுக்கு எந்தப் பழக்கமும் இருக்கவில்லை.

கடற்கரை ஊராருக்கு நீச்சலில் தனிப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமைதான். 1954 இல் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். அதே ஊர்க் குமார் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையை அங்கேயும் இங்கேயுமாக நீந்தி முடித்தார். அவர் 1984 ஆகஸ்ட் மாதத்தில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் பிரிந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் ஊரே அழுதது. அவ்வளவு பெரிய நீச்சல்காரரை வேறொரு தண்ணீர் எப்படி வென்றது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஓரளவு விளங்கியது.

1993 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வான்களில் பதினான்கு பேர் மொன்றியலிலிருந்து வடக்கே புறப்பட்டோம். இடத்தின் பெயர் இப்போது வேண்டாம். இடியப்பம், கோழிக்கறி, ரோல்ஸ், பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி, பாய், கிரிக்கெற் மட்டை எல்லாம் ஏற்றியாயிற்று. கூட வந்தவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவன். வல்வெட்டித்துறையில் பிறந்து நடக்கப் பழக முதலே நீந்தப் பழகியவன். அப்போது அவனுக்கு 22 வயது, கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

காட்டுக்குள் கொஞ்சத் தூரம் நடந்தால் நீர்வீழ்ச்சி. அதன் அடியில் கறுப்பாக ஒரு மடு. பாதையோரத்தில் ஒரு பலகை நின்றது. எங்களில் பெரியவர்கள் ஒருவருக்கும் அன்று பிரெஞ்சு ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. இரவுப் பாடசாலைக்குப் பதிவு செய்துவிட்டு, இரட்டை வேலை செய்ததால் போகாமல் விட்ட ஆக்கள் நாங்கள். என் மூத்த மகளுக்கு எட்டு வயது. அவள்தான் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பெஞ்யாட் அன்ரெர்டிற். அப்பா, இங்கே குளிக்கக் கூடாதாம்." கீழே மூன்று நான்கு வெள்ளைக்காரப் பொடியள் கரையோரமாகத் தண்ணீருக்குள் நின்றார்கள். "அவங்கள் குளிக்கிறாங்கள்தானே, நீ பேசாமல் வா" என்றேன். அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை.

தம்பி மேற்பாறையில் ஏறி, நுரை பொங்கும் இடம் பார்த்துத் தலைகீழாகப் பாய்ந்தான். ஊரில் பாலத்திலிருந்து பாய்கிற அதே பாய்ச்சல். வெளியே வரவில்லை. பிறகு ஒருமுறை தலை தெரிந்தது. கரைப் பக்கம் வராமல் விழுகிற தண்ணீரை நோக்கியே போனது. பிறகு மறைந்தது. மூன்றாவது தடவை கை மட்டும் தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு தாடிக்காரர் ஓடிவந்து பாறையில் குப்புறப் படுத்து, நீளமான ஒரு மரக்கொப்பை நீட்டி, "லாஷ் பா! லாஷ் பா!" என்று கத்தினார். விட்டுவிடாதே என்று அர்த்தம். அதையும் மகள்தான் பிறகு சொன்னாள். அவனுக்கு மொழி தெரியாது, ஆனால் கொப்பைப் பிடித்துக்கொண்டான். இழுத்துப் போட்டபோது உதடு நீலம். அந்த மனிதர் எங்களை ஏசவில்லை. பலகையைக் கையால் காட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலேயே திரும்பி வந்தோம்.

பிறகு ஒரு பனிக்காலம் முழுவதும் இதைப்பற்றி வாசித்தேன். நுரைத் தண்ணீர் என்பது பாதி காற்று. அது உடம்பைத் தாங்காது. உப்புத் தண்ணீர் தூக்கி மிதக்கவைக்கும், இதுவோ கீழே விடும். விழுகிற தண்ணீர் அடிவரை இடித்து, மேலே வந்து, மீண்டும் நீர்வீழ்ச்சியை நோக்கியே சுழலும். அந்தச் சுழலுக்குள் அகப்பட்டவர் கரையை நோக்கி எவ்வளவு நீந்தினாலும் அது அவரைத் திருப்பி இழுத்துக்கொண்டு போகும். அதோடு குளிர். வெளியே 30 பாகை வெயில் அடித்தாலும் காட்டாற்றுத் தண்ணீர் வேறு கணக்கு. திடீரென்று குளிர் பட்டதும் மூச்சு தானாக உள்ளிழுபடும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். இதில் கடலில் நீந்திய கெட்டித்தனம் பெரிதாக உதவாது.

இங்கே ஏன் இத்தனை நீர்வீழ்ச்சிகள் என்பதற்கும் நிலமே காரணம். லோரென்ரியன் மலைகள் கனடியக் கேடயப் பாறையின் தென் ஓரம். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமையான கடும்பாறை. அதன் கீழே சென் லோரன்ஸ் ஆற்றின் தட்டையான வெளி. மேலிருந்து வருகிற ஒவ்வோர் ஆறும் அந்த ஓரத்தில் படியிறங்கத்தான் வேண்டும். றோடனில் உவாரோ ஆறு, சென் ஜெரோமில் வடக்காறு, இன்னும் கிழக்கே லா அஸோம்ப்சியோன் ஆறு, எல்லாம் இறங்குகிற இடத்தில் வெள்ளையாகக் கொட்டுகின்றன. எங்கள் சுண்ணாம்புக் கல் தண்ணீரை உள்ளே இழுக்கும், இவர்களுடைய பாறை ஒரு சொட்டையும் உள்ளே விடாது.

மொன்றியல் தீவையே சுற்றி ஓடுவதும் சாதுவான தண்ணீர் அல்ல. 1611 இல் சாம்ப்ளெய்ன் இங்கே வந்தபோது, அவருடைய ஆட்களில் லூயி என்ற இளைஞன் இப்போது லஷீன் என்று சொல்கிற கடும் ஓட்டத்தில் அமிழ்ந்து இறந்தான். அந்த ஓட்டத்துக்குச் சென் லூயி என்ற பெயர் நெடுங்காலம் இருந்தது. பழங்குடியினரின் ஓடத்தில் ஏறி அதே ஓட்டத்தைக் கடந்த சாம்ப்ளெய்ன், எவ்வளவு துணிந்தவரும் பயமில்லாமல் இதைக் கடக்கமாட்டார் என்ற பொருளில் எழுதிவைத்தார். புதிதாக வந்தவர்களைத் தண்ணீர் ஏமாற்றுவது எங்களோடு தொடங்கியது அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பிறகு நகரம் பெருத்தது. அதன் கழிவு சுத்திகரிக்கப்படாமலேயே ஆற்றுக்குள் போனது. பெரிய சுத்திகரிப்பு நிலையம் 1984 இல்தான் வேலை செய்யத் தொடங்கியது. சுற்றிவரத் தண்ணீர் இருந்தும் குளிக்கத் தண்ணீர் இல்லாத நகரம். அதனால் கோடை வந்தால் வசதியுள்ளவர்கள் வடக்கே போனார்கள். எப்படிப் போனார்கள் என்பதில்தான் கதையின் சுவையான பகுதி இருக்கிறது.

சென் ஜெரோமில் அந்துவான் லபெல் என்று ஒரு பாதிரியார் இருந்தார். 1833 இல் பிறந்தவர், ஆள் நல்ல பருமன். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக் கனடியர்கள் காணி போதாமல், கடன் கட்ட முடியாமல், குடும்பம் குடும்பமாக அமெரிக்காவின் நூலாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1840 முதல் 1930 வரை போனவர்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. இன்று எங்களைப் பார்த்து "நீங்கள் ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்கிற அயலவரின் கொள்ளுப் பாட்டனும் பெட்டி கட்டியவர்தான். சனம் போகாமல் தடுக்க வடக்குக் காட்டில் காணி திறக்க வேண்டும், அதற்குத் தண்டவாளம் வேண்டும் என்று லபெல் நினைத்தார். 1872 தை மாதத்தில் மொன்றியலில் விறகுப் பஞ்சம் வந்தது. பனிக்காலத்தில் விறகில்லாத வீடு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லபெல் எண்பது சறுக்கு வண்டிகளில் விறகேற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்து ஏழைகளுக்குக் கொடுத்தார். தண்டவாளம் இருந்தால் இந்த விறகு ஒவ்வொரு நாளும் வரும் என்பதைப் பேச்சில்லாமலே காட்டிவிட்டார். 1876 இல் ரயில் சென் ஜெரோமுக்கு வந்தது. 1892 இல் சென்ற் அகாத்துக்கு, 1909 இல் மொன் லோரியேவுக்கு. அவர் 1891 இலேயே இறந்துவிட்டார்.

அவருடைய கனவு பாதிதான் பலித்தது. காடு வெட்டிப் பார்த்தால் அடியில் மண் இல்லை, கல். உருளைக்கிழங்கைவிடக் கல்லே கூடுதலாக விளைந்தது என்று சொல்லலாம். கமக்காரருக்காகப் போட்ட ரயிலில் பட்டணத்துக்காரர் மீன் பிடிக்கவும் குளிக்கவும் பனிச்சறுக்கவும் ஏறினார்கள். காசநோயாளர் நல்ல காற்றுக்காக ஏறினார்கள். 1895 இல் கியூபெக்கின் முதற் பூங்காவாக மொன் ற்ரெம்ப்ளான் அறிவிக்கப்பட்டதன் பின்னாலும் ஒரு காசநோய் ஆஸ்பத்திரித் திட்டம் இருந்தது. ஆஸ்பத்திரி வரவே இல்லை, பூங்கா நிலைத்துவிட்டது. ரயிலும் பிறகு நின்றுபோய், 1996 முதல் அந்தத் தண்டவாளப் பாதை சைக்கிளுக்கும் நடைக்கும் உரியதாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற அந்த மட்டமான பாதை லபெலின் ரயில் போன பாதை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ரயில் ஏறக்கூடிய சரிவு என்பதால்தான் சின்னப் பிள்ளைக்கும் மூச்சு வாங்குவதில்லை.

எல்லாருக்கும் அந்தத் தண்ணீர் ஒரேமாதிரித் திறந்திருந்ததா? இல்லை.

கிழக்கு ஐரோப்பாவில் அடிபட்டு வந்த யூதர்கள் சென் லோரென்ற் தெருவின் தையற்சாலைகளில் உழைத்தார்கள். கோடையில் இரண்டு வாரமாவது பிள்ளைகள் நல்ல காற்றுச் சுவாசிக்கட்டும் என்று சென்ற் அகாத், வால் டாவிட் பக்கம் அறை எடுத்துப் போனார்கள். 1939 கோடையில் சென்ற் அகாத்தில் யூதர்கள் இங்கே வேண்டாதவர்கள் என்று எழுதிய அறிவித்தல்கள் வீதியோரம் ஒட்டப்பட்டன. போர் தொடங்க இன்னும் சில வாரங்களே இருந்தன. ஐரோப்பாவில் என்ன நடக்கப்போகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த அறிவித்தல்களைப் பற்றி வாசித்தால் வயிறு கலங்கும். அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போய்விடவில்லை. மறு கோடையும் வந்தார்கள். தொழுகை இடமும் ஆஸ்பத்திரியும் வைத்திருந்தார்கள்.

றோடனில் வேறொரு கதை. மொன்றியலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர். முதலில் ஐரிஷ் குடியேற்றக்காரரின் ஊர். உலகப் போருக்குப் பிறகு ரஷ்யர், உக்ரேனியர், போலந்துக்காரர், ஹங்கேரியர் என்று நாடிழந்தவர்கள் அங்கே கோடைக் குடில்கள் கட்டினார்கள். ரஷ்ய ஓதடொக்ஸ் சிற்றாலயம் ஒன்றும், அதைச் சுற்றிச் சரிந்த சிலுவைகளோடு சவக்காலையும் இன்றும் அங்கே இருக்கின்றன. நான் முதல் தடவை அங்கே போனபோது மகள், "ஏன் அப்பா இவர்கள் இவ்வளவு தூரம் வந்து புதைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள். பைன் மரமும் ஆறும் அவர்களுக்கு ஊரைப்போல இருந்திருக்கும் என்று சொன்னேன். எங்களுக்குத்தான் இங்கே ஊரைப்போல எதுவும் இல்லை. பனையா இருக்கிறது?

அதே றோடனில்தான் டோர்வின் நீர்வீழ்ச்சி. அங்கே பாறையில் ஒரு மனித முகம் தெரியும். நிப்பிசிங் என்ற மந்திரவாதி, தன்னை விரும்பாத ஹயவித்தா என்ற பெண்ணைப் பள்ளத்தில் தள்ளினான் என்றும், அவள் விழுந்த இடத்தில் நீர்வீழ்ச்சி உண்டானது, அவன் கல்லாகிப் போனான் என்றும் ஒரு கதை சொல்கிறார்கள். கீரிமலையில் தண்ணீர் ஒருத்திக்கு முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. இங்கே தண்ணீர் ஒருவனின் முகத்தைக் கல்லாக்கிவிட்டது. அங்கே பார்க்கலாம், நடக்கலாம், படம் எடுக்கலாம். குளிக்க முடியாது.

பணக்காரர் கதையையும் விடக்கூடாது. காட்டுக்குள்ளே இருந்த நல்ல ஏரிகளும் ஆறுகளும் நெடுங்காலமாகத் தனியார் வேட்டை, மீன்பிடிக் கழகங்களின் கையில் இருந்தன. அரசாங்க நிலம்தான். ஆனால் குத்தகைக்கு எடுத்துக் கேற் போட்டுக் காவலாளி வைத்திருந்தார்கள். அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கழகங்கள் இருந்தன. அமெரிக்கப் பணக்காரரும் மொன்றியல் ஆங்கில முதலாளிகளும் உள்ளே. பக்கத்து ஊர்ப் பிரெஞ்சுக்காரன் வெளியே, அல்லது உள்ளே துடுப்புப் போடுகிற கூலியாக. 1978 இல்தான் லெவெக் அரசாங்கம் அந்தத் தனி உரிமைகளை ஒழித்துப் பொதுமக்களுக்குத் திறந்தது. 1978! எங்களில் பலர் இங்கே வரத் தொடங்குவதற்கு ஐந்தாறு ஆண்டுகள்தான் முந்தி. தன் நாட்டிலேயே வேலிக்கு வெளியே நின்றவர்கள் என்பதை அறிந்த பிறகு, கியூபெக்காரர் மொழியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் காட்டுகிற பிடிவாதத்தை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன் என்பதல்ல.

அவர்களுக்கும் முந்தியவர்கள் இருக்கிறார்களே. 1990 கோடையை மறக்க முடியுமா? ஓக்காவில் ஒன்பது குழிக் கொல்ஃப் மைதானத்தைப் பெருப்பிக்க மோஹாக் மக்களின் பைன் காட்டுக்கும் சவக்காலைக்கும் கை வைத்தார்கள். 1717 இல் பிரான்ஸ் அரசர் அந்த நிலத்தைச் சல்பீசியன் பாதிரிமாருக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து தொடங்கிய வழக்கு அது. ஆடி 11 ஆம் திகதி சூடு நடந்து ஒரு பொலிஸ்காரர் இறந்தார். 78 நாள் முற்றுகை. மெர்சியே பாலம் பூட்டுப்பட்டது. இராணுவம் வந்தது. ஆகஸ்ட் 28 ஆம் திகதி கானவாகேயிலிருந்து வெளியேறிய முதியவர், பெண்கள், பிள்ளைகளின் கார்களுக்குக் கல்லெறிந்தார்கள்.

அந்த நாட்களில் நான் பார்க் எக்ஸ்ரென்சனில் ஓர் அடித்தள வீட்டில் ஐந்து பேரோடு இருந்தேன். ரெலிவிஷனில் பைன் மரங்களுக்கு இடையில் கவச வாகனம். தொலைபேசியில் ஊர்ச் செய்தி. அதே ஆனியில்தான் அங்கே போர் மறுபடி தொடங்கியிருந்தது. காங்கேசன்துறை, மயிலிட்டி, கீரிமலை, மாவிட்டபுரம் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்துகொண்டிருந்தார்கள். பிறகு அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்று பூட்டுப்பட்டது. ஆடி அமாவாசைக்கு அப்பாவின் கடன் தீர்க்கக் கேணி இல்லாமல் எங்கள் பெரியப்பா ஒரு வாளித் தண்ணீரில் குளித்தார் என்று கடிதம் வந்தது. போர் 2009 இல் முடிந்த பிறகும் காணிகள் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன. இன்று ஓக்காக் கடற்கரைக்குப் பாய் விரிக்கப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பூங்காவிலேயே மலைமேல் 1740 வாக்கில் பாதிரிமார் கட்டிய சிலுவைப்பாதைச் சிற்றாலயங்கள் இருக்கின்றன. மோஹாக், அல்கொங்கின் மக்களை மதம் மாற்றக் கட்டியவை. பிள்ளைகளோடு அங்கே ஏறி இறங்க நல்ல நடை.

நாங்கள் வந்த பாதையும் இந்தக் கதையில் உண்டு. 1986 ஆகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரைக் கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்பற்காரர் கண்டு காப்பாற்றினார். அவர்களில் ஒரு பகுதியினர் மொன்றியலுக்குத்தான் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் என்ன நினைவு வரும் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அவர்களில் எனக்குத் தெரிந்த ஒருவர் இத்தனை ஆண்டுகளாக எந்த ஏரிக்கரைக்கும் எங்களோடு வந்ததில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ" என்பார். நாங்களும் வற்புறுத்துவதில்லை.

மற்றவர்களில் பலர் விமானத்தில் வந்தோம். அது மிராபெல் விமான நிலையம். நகரத்துக்கு வடக்கே, அந்த மலைகள் தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட. 1975 இல் திறந்தது. அதற்காக 1969 முதல் ஆயிரக்கணக்கான கமக்காரரின் காணிகள் பறிக்கப்பட்டன. தேவைக்கு மிக அதிகமாக எடுத்ததால் பெரும்பகுதியைப் பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 2004 இல் கடைசிப் பயணி விமானமும் போய், 2014 இல் கட்டடத்தையும் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் "அகதி" என்ற ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு இறங்கிய ஓடுபாதை, யாரோ ஒருவர் சோளம் விதைத்த நிலம். பஸ் தெற்கே நகரத்துக்குத் திரும்பியது. வடக்கே மலை இருந்ததை அன்று ஒருவரும் பார்க்கவில்லை.

மலையைப் பார்க்க வைத்தவர் முருகன் என்றுதான் சொல்ல வேண்டும். கேரளத்தில் பிறந்த சுவாமி விஷ்ணுதேவானந்தா 1960களின் தொடக்கத்தில் வால் மொறானில் யோக ஆச்சிரமம் அமைத்தார். அங்கே குன்றின்மேல் சுப்பிரமணியர், ஐயப்பன் கோயில். வெள்ளைக்காரர் யோகாசனம் செய்யப் போட்ட அந்தக் குன்றுக்குக் கோடைத் திருவிழாவில் எங்கள் சனம் பஸ் பிடித்துப் போய்க் காவடி எடுத்தது. பைன் மரத்துக்குக் கீழே பறவைக்காவடி, செடில், சர்க்கரைத் தண்ணீர். ஊரில் குன்று இல்லாத குன்றக் கடவுளுக்கு இங்கே உண்மையான குன்று கிடைத்தது. பலர் நகரத்தை விட்டு வடக்கே போன முதற் பயணம் அதுதான். திரும்பி வரும்போதுதான் வழியில் ஆற்றைக் கண்டு வானை நிறுத்தினோம்.

இப்போது விடைக்கு வருகிறேன். சென் ஜெரோமுக்குப் பக்கத்தில் வில்சன் நீர்வீழ்ச்சி இருக்கிறது. பழைய மரக்கூழ் ஆலையின் இடிபாடுகளுக்கு ஊடாக நடக்கலாம். கூழ் ஆலை, காகித ஆலை எல்லாம் நீர்வீழ்ச்சியைத் தேடித்தான் வந்தன, விழுகிற தண்ணீரின் பலத்துக்காக. றோடனில் காஸ்காட் பூங்காவில் ஆறு அகலமான பாறைப் படிகளில் இறங்கும், கால் நனைக்கச் சனம் கூடும். நீண்ட வார இறுதியென்றால் மொன் ற்ரெம்ப்ளான் பூங்கா. கியூபெக் நகரம்வரை ஓடுபவர்கள் மொன்மோரன்சியைப் பார்க்கலாம், 83 மீற்றர், நயாகராவைவிட உயரம். எங்கே போனாலும் வாசலில் எழுதியிருப்பதை வாசியுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2020 தொற்றுக் கோடையில் நகரத்தார் திரண்டு போனதால் சில ஊராட்சிகள் வெளியூராருக்குக் கடற்கரையைப் பூட்டின, சில கட்டணத்தை ஏற்றின. குப்பையை விட்டுப் போனார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. நாங்கள் ஆட்டுக்கறிச் சட்டி கழுவிய ஏரிக்கரைகள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன, அதனால் முழுவதும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியூரார் என்ற சொல் யாரை நினைத்துச் சொல்லப்படுகிறது என்பதும் சில வேளை முகத்தில் தெரிந்துவிடுகிறது.

குளிப்பதென்றால் உயிர்காப்பாளர் நிற்கிற கடற்கரை. நீர்வீழ்ச்சியின் அடி மடு வேண்டவே வேண்டாம். 2010 இல் கனடிய உயிர்காப்புச் சங்கத்தின் ஆய்வு ஒன்று, இங்கே பிறந்தவர்களைவிடப் புதிதாகக் குடியேறியவர்களில் நீந்தத் தெரியாதவர்கள் நான்கு மடங்கு என்று சொன்னது. அதே சங்கம் குறைந்தபட்சத் தேர்ச்சி ஒன்றை வைத்திருக்கிறது. ஆழமான தண்ணீருக்குள் உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும், 50 மீற்றர் நீந்திக் கரையேற வேண்டும். அவ்வளவுதான். நகரசபைத் தடாகங்களில் பழகலாம். பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாங்கில் இருந்து தொலைபேசி பார்க்கிற அம்மா, அப்பாமாரும் இறங்குங்கள். என் மனைவி 51 வயதில் பழகினாள். சேலையை விட்டு நீச்சல் உடுப்புக்கு மாறவே ஆறு மாதம் எடுத்தது. தண்ணீரில் மிதக்க மூன்று கிழமைதான்.

மனைவியின் தம்பி இன்று லவாலில் இருக்கிறான். மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் தடாகத்தில் முறைப்படி பழகியவர்கள். என் மகளுக்கு நாற்பது வயதாகிறது. சென்ற கோடையில் அவளுடைய மகன் காஸ்காட் பூங்காவில் பாறையில் நின்றுகொண்டு, "தாத்தா, அந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டான். நான் வாய் திறக்க முதல் மகள் என்னைப் பார்த்தாள். "பலகையில் என்ன எழுதியிருக்கு என்று நீயே வாசித்துச் சொல்லு" என்று அவனிடம் சொன்னேன். அவன் வாசித்தான். நாங்கள் இந்தப் பக்கமே இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 80களிலும் 90களிலும் இந்த இடங்களுக்குப் போய் எடுத்த படங்கள் உங்கள் பழைய அல்பங்களில் இருந்தால் எங்களுக்கு அறியத்தாருங்கள். வால் மொறான் முதற் காவடிகளின் படம் வைத்திருப்பவர்களை விசேடமாகக் கேட்கிறோம். படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும் இடத்தையும் எழுதி, நிலையத்துக்குக் கொண்டுவந்தால் பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.